கோட்டை பக்கத்தில், ஏடுகள் எட்டாத தூரத்தில்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, கெடிலம் ஆறு கடலைத் தொடப் போகும் இடத்தை ஒட்டி, புனித டேவிட் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை இது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரையுள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்பது பேரம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் கடலூர்க்காரர்களின் வாயில் இன்றும் புழங்குகின்றன. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் இங்கேதான் வந்தது. 1752 வரை இங்கேயே இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது.

அந்தக் கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் ஓர் ஆசிரியர், கோட்டையைப் பற்றி மாணவர்களுக்கு மூலச் சான்றுகளோடு ஒரு பாடம் தயாரிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1878-இல் வந்த கார்ஸ்டினின் தென்னாற்காடு மாவட்டக் கையேடு வேண்டும். அடுத்து 1906-இல் வந்த பிரான்சிஸின் மாவட்ட விவரச்சுவடி. பிறகு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1746 முதல் 1748 வரை பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடிக்கத் தவித்த கதையைப் புதுச்சேரியிலிருந்து பார்த்து எழுதியவர் அவர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-க்கும் 1928-க்கும் இடையில் 12 தொகுதிகளாக வந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே, கோட்டை நிர்வாகக் குழுவின் அன்றாட ஆலோசனைக் குறிப்புகள். சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகம் அவற்றில் ஒரு பகுதியை அச்சிட்டிருக்கிறது. கம்பெனியின் சொந்தப் பதிவுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

இதில் எது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், எது 45 கிலோமீட்டர் தெற்கே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்கும், எதற்காக வடக்கே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குப் போக வேண்டும், எதைப் பார்க்க எழும்பூருக்குக் கடிதம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல விவரம் தெரிந்த நூலகர் ஒருவர் இருந்தால் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு பருவமே ஓடிவிடும். பருவம் ஓடினால் பாடமும் போயிற்று. பழைய உரைக்குறிப்பையே இன்னோர் ஆண்டும் படித்துக்காட்ட வேண்டியதுதான்.

பல்கலைக்கழக நூலகம் என்றதும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் கூட்டம்தான் நம் கண்முன் வருகிறது. ஆசிரியருக்கு அது என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று நாம் அதிகம் பேசியதில்லை. ஓர் ஆசிரியருக்கு ஒரு புத்தகம் நேரத்தில் கிடைத்தால் அது அறுபது மாணவர்களுக்குப் போய்ச் சேருகிறது. அதனால்தான் இது கல்லூரி வாசலுக்கு வெளியே உள்ளவர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஆசிரியர்கள் முன் பிறந்த விதிகள்

நூலக உலகம் முழுவதும் இன்று ஓதும் ஐந்து விதிகள் முதன்முதலாகப் பொதுமேடையில் சொல்லப்பட்டது சிதம்பரத்தில்தான். 1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் மாகாணக் கல்வி மாநாடு கூடியது. பேசியவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். கேட்டவர்கள் ஆசிரியர்கள்.

ரங்கநாதன் அடுத்த ஊர்க்காரர். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்புக்கு வந்தவர். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியபின் அந்த நூலகத்தையே புரட்டிப்போட்டார். தன் விதிகளை வகுக்க முடியாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தபோது, புத்தகம் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதிக்கான வார்த்தையை எடுத்துக்கொடுத்தவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ். அது கிடைத்தபின் மற்ற நான்கும் மளமளவென்று வந்தன. 1931-இல் அவை நூலாயின. ஓர் ஆசிரியர் எடுத்துக்கொடுக்க, இன்னோர் ஆசிரியர் வகுத்து, ஆசிரியர் கூட்டத்தில் அரங்கேற்றிய விதிகள் அவை.

நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுவது பற்றியது. இதற்காகவே ‘ரெஃபரன்ஸ் சர்வீஸ்’ பற்றித் தனியாக ஒரு நூலை 1940-இல் எழுதினார் ரங்கநாதன். அலமாரிக்கும் வாசகருக்கும் நடுவில் விஷயம் தெரிந்த ஒரு மனிதர் நின்றே ஆக வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கணினியும் தேடுபொறியும் வந்தபிறகும் அந்த வாதம் பழசாகவில்லை என்பது என் உறுதியான எண்ணம். தேவனாம்பட்டினம் ஆசிரியருக்கு வேண்டியதும் அந்த மனிதர்தான்.

அண்ணாமலைநகர் அலமாரிகள்

ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரிதான் 1929-இல் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இங்கே தமிழ்க் கல்லூரியின் முதல்வர். பல்கலைக்கழகமானபின் விபுலானந்தரும், அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கினார்கள். இப்படிப்பட்டவர்கள் வந்து போகும் இடத்தில் நூலகம் தானாகவே வலுவடையும். ஒவ்வொருவரும் கேட்டு வரவழைத்தது, எழுதிப் பதிப்பித்தது, விட்டுச் சென்றது என்று சேர்ந்துகொண்டே போகும். பல்கலைக்கழகமே கம்பராமாயணப் பதிப்பையும் தமிழிசை நூல்களையும் வெளியிட்டது. துணைவேந்தராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரின் பெயரை இன்று தாங்கி நிற்கும் மைய நூலகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு நூற்றாண்டுச் சேகரம் இருக்கிறது.

பரங்கிப்பேட்டையில் உள்ள, இதே பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இன்னொரு உலகம். ஆர்.வி. சேஷய்யா வித்திட்ட இடம். அங்குள்ள ஆய்வாளருக்குப் பழைய ஏட்டின் அருமை தமிழாசிரியருக்குத் தெரிவதைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். வெள்ளாற்று முகத்துவாரத்தில் வலையில் விழுந்த ஒரு மீன் புதிய இனம்தானா என்று சொல்ல வேண்டுமானால், அதைப் போன்ற மீனை முதலில் விவரித்தவர் எழுதிய மூலக் கட்டுரையைப் பார்த்தே தீர வேண்டும். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது வகைப்பாட்டியலின் சட்டம். மதராஸ் மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூல் இன்றும் அவர்கள் புரட்டும் நூல். மீனின் துடுப்பு முள்ளை எண்ணி, செதில் வரிசையை எண்ணி, நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முன்பு இந்த நூலுக்காகப் பெரிய நூலகங்களின் வாசலில் காத்திருக்க வேண்டும். 2006-இல் தொடங்கிய பல்லுயிர் மரபு நூலகம் என்ற பன்னாட்டு இணைய நூலகத்தில் இப்போது இது இலவசம். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதைப் பணியில் சேரும் முதல் நாளே இளம் ஆசிரியருக்கு எடுத்துச் சொல்வது யார்? இங்கும் கேள்வி அந்த மனிதரிடம்தான் வந்து நிற்கிறது.

இடம் மாறியவர்கள்

2012 இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி வெடித்தது. 2013-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் பணிநிரவல் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சம்பளம், பணிமூப்பு, வீட்டு வாடகைப்படி எல்லாம் விவாதிக்கப்பட்டன. அவர்கள் இழந்த நூலகம் பற்றி யாரும் பேசவில்லை. துறை நூலகத்துக்கும் மைய நூலகத்துக்கும் நடந்தே போய்வந்து ஆராய்ச்சி செய்தவர், ஒரே அறையில் நான்கு பீரோவும் ஒரு மேசையும் உள்ள கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் அது தன் பாதி மூளையை விட்டுவிட்டுப் போனதற்குச் சமம்.

2021-இல் இன்னொரு திருப்பம். விழுப்புரத்தில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பல்கலைக்கழகம் அண்ணாமலையோடு இணைக்கப்பட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளுக்கு அண்ணாமலை இணைப்புப் பல்கலைக்கழகமானது. அதுவரை இணைப்புக் கல்லூரிகள் இல்லாதிருந்த பல்கலைக்கழகத்துக்கு நான்கு மாவட்ட ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் உறவாகிவிட்டார்கள். சி.முட்லூர் அரசுக் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி, தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரி எல்லாம் இப்போது ஒரே குடும்பம். வினாத்தாள் அண்ணாமலைநகரிலிருந்து வருகிறது. விடைத்தாள் அங்கே போகிறது. பாடத்திட்டம் அங்கே முடிவாகிறது. பாடத்திட்டத்தில் பார்வை நூல் என்று அச்சிட்ட புத்தகம் மட்டும் அங்கேயே இருந்துகொண்டு, அதை நடத்துபவர் விருத்தாசலத்தில் இருந்தால், அந்த இணைப்பு பாதிதான் முடிந்திருக்கிறது.

கடவுச்சொல் தருவதும் தராததும்

நல்ல செய்தியும் உண்டு. அதை முழு மனதோடு சொல்ல வேண்டும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களோடு மாநில அரசு நிறுவனங்களும் இதில் சேர்த்தி. அதாவது டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் படிக்கும் இதழைத் தேவனாம்பட்டினம் வேதியியல் ஆசிரியரும் அதே நாளில் படிக்கலாம். ஒரு கட்டுரைக்கு முப்பது நாற்பது டாலர் கேட்கும் உலகத்தில் இது சாதாரண விஷயமல்ல. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இதில் இடமில்லை என்பது பெரிய குறை. கடலூர் மாவட்டத்தில் கணிசமான ஆசிரியர்கள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்து, ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து, ஆசிரியர்களுக்கு உள்நுழைவுக் கணக்கு உருவாக்கித் தர வேண்டும். நூலகர் இருக்கும் கல்லூரியில் இது அவருடைய மேசையில் நடக்கும். நூலகர் பணியிடம் காலியாக உள்ள கல்லூரியில் ஓர் உதவிப் பேராசிரியரிடம் கூடுதல் பொறுப்பாகப் போய்ச் சேரும். அவருக்கு வகுப்பு இருக்கிறது, தேர்வுப் பணி இருக்கிறது, சேர்க்கைப் பணி இருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் கட்டி வாங்கிய 13,000 இதழ்களின் சாவி அந்த ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பித் தொங்குகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பதிப்பகங்கள் வெளியிடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழாசிரியருக்கும், தமிழில் வரலாறும் சமூகவியலும் எழுதுபவருக்கும் இதில் கிடைப்பது கொஞ்சம்தான். 1902-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கிய ‘செந்தமிழ்’ இதழிலோ, 1923-இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’யிலோ ஒரு கட்டுரை வேண்டுமென்றால் எல்செவியர் என்ன செய்யும்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அண்ணாமலைநகர் அலமாரிகள் என்று தேடித்தான் ஆக வேண்டும். கட்டுரைத் தலைப்பு வாரியாகத் தேடும் வசதி பழைய தமிழ் இதழ்களுக்கு இன்னும் போதவில்லை. எந்தத் தொகுதியில் எந்தப் பகுதி என்று வருடக்கணக்கில் கைபட்டுப் பழகிய நூலகப் பணியாளர் ஓய்வுபெறும்போது அவரோடு ஒரு பட்டியலே வெளியேறுகிறது. 1962 முதல் அமெரிக்கா, கோதுமைக்காக இந்தியா ரூபாயில் செலுத்திய பணத்தைக் கொண்டு தமிழ் நூல்களை வாங்கித் தன் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோ போன்ற இடங்களில் அவை ஒழுங்காகப் பட்டியலிடப்பட்டு இருக்கின்றன. ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இன்னொரு மாநில நூலகத்தில் உள்ள தமிழ்ப் புத்தகத்தைத் தன் நூலகத்தின் வழியாகவே இரவல் பெற முடியும். சிதம்பரத்தில் அச்சான புத்தகம் அங்கே கடல் தாண்டிப் போயும் ஆசிரியர் கைக்கு வருகிறது. இங்கே வெள்ளாற்றைத் தாண்டி வர வேண்டும், அவ்வளவுதான்.

அலமாரிக்கு வெளியே உள்ள வேலை

இன்றைய கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். இந்த நெருக்கடியை மோப்பம் பிடித்துக்கொண்டு, பணம் கட்டினால் இரண்டே நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழ்கள் பெருகிவிட்டன. எது நம்பகமான இதழ் என்று சொல்லப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிலை. சென்ற தலைமுறை நூலகருக்கு இல்லாத பொறுப்பு இது. ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் பெயர்கள் உண்மையா, அதன் வரிசை எண் செல்லுபடியாகுமா, எந்தத் தரவுத்தளத்தில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது என்று சோதிக்கத் தெரிந்தவர் நூலகர்தான். கிராமத்திலிருந்து படித்து வந்து, முதல் வேலையில் சேர்ந்து, கைக்காசைப் போலி இதழுக்குக் கட்டி ஏமாறும் ஆசிரியரைக் காப்பாற்ற நூலகரின் ஐந்து நிமிடம் போதும்.

ஆய்வேட்டின் ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருளும் நூலகத்தில்தான் ஓடுகிறது. 2018 விதிப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அந்த அறிக்கையில் நிறம் போட்டுக் காட்டுவதெல்லாம் திருட்டு அல்ல, நிறம் இல்லாததெல்லாம் சொந்தச் சரக்கும் அல்ல என்று நெறியாளருக்கு விளக்கவும் ஆள் வேண்டும். ஐந்து லட்சத்துக்கும் மேலான ஆய்வேடுகள் இருக்கும் ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில், தான் எடுத்த தலைப்பில் முன்பே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு மாணவருக்குத் தலைப்புக் கொடுப்பது ஆசிரியரின் கடமை. பலர் தேடுவதில்லை. அதனால்தான் ஒரே தலைப்பு ஊர்ப் பெயர் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆசிரியர்கள் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் தன் அறையிலேயே வைத்திருந்து, ஓய்வுபெறும் மாதத்தில் நிலுவையின்மைச் சான்றுக்காக மூட்டையாகக் கொண்டுவந்து தருபவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அப்படி ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்தால் ஒரு முத்திரைக்கும் அடுத்த முத்திரைக்கும் நடுவில் ஒரு தலைமுறை மாணவர்களே படித்து முடித்துப் போயிருப்பார்கள். புத்தகப் பரிந்துரைப் பட்டியல் கேட்டு நூலகம் அனுப்பும் சுற்றறிக்கை பதில் இல்லாமல் திரும்புவதும் வழக்கம். கடைசியில் விற்பனையாளர் கொண்டுவந்த பட்டியலிலிருந்தே புத்தகம் வாங்கப்படுகிறது. பிறகு நூலகத்தில் ஒன்றுமில்லை என்ற புலம்பலும் அதே ஆசிரியரிடமிருந்து வருகிறது.

இனி செய்ய வேண்டியது பெரிய கட்டடமும் அல்ல, புதிய திட்டமும் அல்ல. கடலூர் மாவட்டத்தின் எந்தக் கல்லூரி ஆசிரியரானாலும், அவர் நிரந்தரப் பணியில் இருந்தாலும் தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும், இணைப்புக் கல்லூரி ஆசிரியர் என்ற ஒரே தகுதியில் அண்ணாமலைநகர் நூலகத்தின் உறுப்பினர் அட்டை அவருக்குக் கிடைக்க வேண்டும். தனியார் கல்லூரி ஆசிரியருக்கும் அதே அட்டைதான். அவர் கேட்கும் புத்தகம் வாரம் ஒருமுறை அவருடைய கல்லூரிக்கே போய்ச் சேர வேண்டும். விடைத்தாள் கட்டுகளைச் சுமந்துகொண்டு கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் போய்வரும் வண்டிக்குப் புத்தகக் கட்டு பாரமாகிவிடாது. அரிய தமிழ் இதழ்களின் உள்ளடக்கப் பட்டியலையாவது முதலில் இணையத்தில் ஏற்ற வேண்டும். உப்புக்காற்றும் புயலும் அடிக்கடி வரும் கரை இது. காகிதத்துக்கு இங்கே ஆயுள் குறைவு. எல்லாவற்றுக்கும் முன்பாக, அரசுக் கல்லூரிகளில் காலியாக உள்ள நூலகர் பணியிடங்களை உயர்கல்வித் துறை நிரப்ப வேண்டும். 13,000 இதழ்களுக்குப் பணம் கட்டிவிட்டு, அதைத் திறந்து காட்டுபவருக்குச் சம்பளம் இல்லை என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

கல்லூரி ஆசிரியராக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரிக்கு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ கணக்கு உருவாகிவிட்டதா என்று நாளையே கேளுங்கள். உங்கள் பாடத்துக்கு வேண்டிய, உள்ளூரில் கிடைக்காத ஐந்து நூல்களின் பெயரை எழுதிக் கல்லூரி முதல்வர் வழியாக அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகருக்கு அனுப்புங்கள். நான்கு மாவட்டக் கல்லூரிகளிலிருந்தும் அப்படிக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தால், இரவல் தரும் முறையை வகுக்காமல் பல்கலைக்கழகத்தால் இருக்க முடியாது.